நாயின் இரண்டு நாள் கணக்கு

காலை ஐந்தேமுக்கால் மணி. கோலார் தங்கவயலில் எங்கள் ஸ்கெலட்டன் பகுதியில் இன்னும் முழுதாக விடியவில்லை. என் நாய் மணியைச் சங்கிலியோடு வெளியே கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். வீடுகள் முடிகிற இடத்தில் முட்செடிகளுக்கு நடுவே ஒரு வெட்டவெளி உண்டு. தெருநாய்கள் போட்டுவிட்டுப் போனது அங்கே மூன்று இடத்தில் கிடந்தது. முதலாவது காய்ந்து வெளுத்து, சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது. மணி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டாவது மூன்று நாளாவது ஆனது. மூக்கைக் கொண்டுபோனான், ஒரு மூச்சு இழுத்தான், விலகிவிட்டான். மூன்றாவது அன்று விடியற்காலையது, மேலே இன்னும் பளபளப்பு போகவில்லை. நான் சங்கிலியை இழுப்பதற்குள் அது வாயில் இருந்தது. இரண்டு மெல்லு, ஒரு விழுங்கு, அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து வாலை ஆட்டினான்.

குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்துவிட்டார். “இன்னா தம்பி, நாயைக் குளிப்பாட்டி நடு ஊட்டுல வெச்சாலும் அது எங்க போவும்னு தெரியாதா உனக்கு?”

தெரியும். எல்லாத் தமிழருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பழமொழி பாதிதான் சொல்கிறது. நாய் எங்கே போகும் என்று சொல்கிறதே தவிர, ஏன் போகிறது என்று சொல்வதில்லை. மூன்றில் எதை எடுக்கும், எதை விடும் என்பதைக் கவனிக்கவே இல்லை. விஷயமே அந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்று பிறகு எனக்குப் புரிந்தது.

நாய் வளர்க்கிறவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். சத்துக் குறைவு, ஈரல் வாங்கிப் போடு என்பார் ஒருவர். சோறு பற்றவில்லை என்பார் இன்னொருவர். வயிற்றில் பூச்சி, கெட்ட சகவாசம், போன ஜென்மத்துப் பாவம் என்று பட்டியல் நீளும். சோற்றில் அன்னாசிப்பழம் கலந்தால் மலத்தின் ருசி கெட்டுவிடும், நாய் தொடாது என்று ஒரு நம்பிக்கை ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. (மலத்தின் ருசி கெடுவது என்றால் என்ன என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.) மலத்தின் மேலேயே மிளகாய்த்தூள் தூவுகிறவர்களும் உண்டு. கடையில் இதற்கென்றே தூளும் மாத்திரையும் விற்கிறார்கள். நானும் ஒரு டப்பா வாங்கினேன். மணி அதைச் சோற்றோடு ரசித்துச் சாப்பிட்டான். மறுநாள் காலை வெட்டவெளியிலும் பசி குறையாமல் சாப்பிட்டான்.

இந்த நம்பிக்கைகளை ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்த பெஞ்சமின் ஹார்ட்டும் அவருடைய குழுவும் நாய் வளர்ப்பவர்களிடம் இரண்டு பெரிய கேள்விப்பட்டியல்களை அனுப்பினார்கள். ஏறக்குறைய 3,000 பேர் பதில் அனுப்பினார்கள். முடிவுகள் 2018இல் வெளிவந்தன. அடிக்கடி கையும் வாயுமாகப் பிடிபட்ட நாய்கள் 16 சதவீதம், அதாவது ஆறில் ஒன்று. பளபளவென்று குளிப்பாட்டி, உயர்ந்த தீவனம் போட்டு வளர்க்கும் ஊரிலேயே இந்தக் கதைதான்.

அந்த நாய்களுக்கும் மற்ற நாய்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினார்கள். வயதில் இல்லை. தின்னும் தீவனத்தில் இல்லை. வீட்டுக்குள் மலம் போகக்கூடாது என்று பழக்குவது அவற்றுக்குக் கஷ்டமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. சோற்றை அவசர அவசரமாக விழுங்கும் பேராசைக்கார நாய்கள் சற்று அதிகம், பல நாய்கள் சேர்ந்து வாழும் வீடுகளில் சற்று அதிகம், அவ்வளவுதான். அன்று கடையில் கிடைத்த பதினோரு மருந்துகளைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். பலன் கிடைத்தது என்று சொன்னவர்கள் பூஜ்யத்திலிருந்து 2 சதவீதம் வரை. நூறு பேர் வாங்கினால் தொண்ணூற்றெட்டு பேர் காசு வீண். அந்தத் தொண்ணூற்றெட்டில் நானும் ஒருவன்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு எண். தின்னும் நாய்களில் 92 சதவீதம், இரண்டு நாளுக்கு உட்பட்ட புது மலத்தையே தேடுகின்றன. பழையதைத் தொடுவதில்லை. வெட்டவெளியில் மணி செய்த அதே தேர்வு.

ஏன் இரண்டு நாள்? ஹார்ட் சொல்லும் விளக்கம் ஓநாயிடமிருந்து தொடங்குகிறது. ஓநாய்கள் தங்கள் குகைக்குப் பக்கத்தில் மலம் கழிப்பதில்லை, தள்ளிப் போய்விடும். ஆனால் நோய்பட்டதும் கிழடும் அவ்வளவு தூரம் நடக்க முடியாமல் வாசலிலேயே போய்விடலாம். அந்த மலத்தில் குடற்புழுவின் முட்டைகள் இருக்கும். புதிதாக விழுந்த முட்டையால் உடனே யாருக்கும் தொற்று வராது. அது மண்ணில் கிடந்து, பொரிந்து, அல்லது உள்ளேயே வளர்ந்து, தொற்றும் பருவத்தை அடைய நாள் பிடிக்கும். கொக்கிப்புழுவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். நாய்க்குடலில் இருக்கும் உருண்டைப்புழுவுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல். அதற்குள் யாராவது அந்த மலத்தை அப்புறப்படுத்திவிட்டால் குகை வாசல் சுத்தம். ஓநாயிடம் துடைப்பம் கிடையாது, வாய்தான் உண்டு. புதியதைத் தின்றால் முட்டை வயிற்றுக்குள் போய் ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். பழையதைத் தின்றால் புழு குடியேறிவிடும். இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட ஓநாய்களின் குட்டிகள் பிழைத்தன. மணியின் மூக்கில் அந்தப் பழைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மணியின் மலத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். பரிசோதனை எளிது. கோலிகுண்டு அளவு மலத்தைக் கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்து, வடிகட்டி, ஒரு சின்னக் குழாயில் விளிம்பு வரை ஊற்றுகிறார்கள். மேலே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கசடு கீழே போய்விடும். முட்டை உப்புத்தண்ணீரைவிட லேசானது, மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்து, “பாருங்க” என்றார் மருத்துவர். நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டோடு, கண்ணாடி மாதிரி ஒரு பொருள். உள்ளே திராட்சைக் கொத்து போல நாலைந்து செல்கள். ஒரு மில்லிமீட்டரில் பதினாறு முட்டைகளை வரிசையாக அடுக்கலாம். கொக்கிப்புழு. “இது இப்ப ஒண்ணும் பண்ணாது. மண்ணுல ஒரு வாரம் கெடந்தா அப்புறம் உங்க கால் தோலையும் துளைக்கும்” என்றார்.

ஓநாய்க் கதை ஒரு கருதுகோள்தான். யாரும் குகை வாசலில் உட்கார்ந்து பார்த்து நிரூபிக்கவில்லை. அழகான விளக்கம் என்பதற்காகவே அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. நாய்க்கு இன்னொரு பூர்வீகமும் உண்டு: குப்பைமேடு. மனிதன் ஊர் கட்டி உட்கார்ந்தபோது ஊரோரத்தில் கொட்டிய கழிவைத் தின்று பிழைத்த ஓநாய்களே மெல்ல நாயாக மாறின என்று அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் வாதிட்டார். ஊர்நாய்தான் அசல் நாய், மற்றவை எல்லாம் பிறகு மனிதன் செதுக்கியவை என்பது அவர் கட்சி. அப்படியானால் மனிதக் கழிவும் நாயின் இலையில் பரிமாறப்பட்ட சோறுதான். ஜிம்பாப்வே நாட்டுக் கிராமங்களில் சுற்றித்திரியும் நாய்கள் என்ன தின்கின்றன என்று எடை போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்றும் 2018இல் வந்தது. அவற்றின் தீனியில் ஐந்தில் ஒரு பங்கு மனித மலம். மிச்சமான களியைவிட அதில் புரதம் அதிகம், வருடம் முழுக்கத் தடையில்லாமல் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அருவருப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நாய்க்கு அது மட்டமான பேரம் அல்ல.

நம் நாட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் ரெபேக்கா ட்ராப் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் குழுவினரும் சுமார் நூறு நாய்களின் மலத்தைச் சோதித்தார்கள். 2002இல் வெளியான முடிவு: ஏறக்குறைய மூன்றில் ஒரு நாயின் மலத்தில் மனிதருக்கு வரும் உருண்டைப்புழுவின் முட்டை. அந்தப் புழு நாய்க்குள் குடியிருக்கவில்லை. வெளியில் மலம் கழிக்கும் பழக்கம் இருந்த இடத்தில், நாய் மனித மலத்தைத் தின்றது, முட்டை சேதமில்லாமல் மறுபக்கம் வந்தது. நாய் அதை வேறு தெருவில், வேறு வீட்டு வாசலில் போட்டது. பார்சல் சர்வீஸ் மாதிரி. ஓநாயின் துப்புரவுக் கணக்கு மனித ஊருக்குள் வந்தபோது தலைகீழாகப் போய்விட்டது.

ஒரு விஷயத்தை இங்கே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கு அநியாயம். மலம் தின்பது இயற்கையில் அபூர்வம் அல்ல. குட்டி போட்ட தாய்நாய் முதல் மூன்று வாரம் குட்டிகளின் அடிவயிற்றை நக்கி அவற்றைப் போக வைத்து, வருவதைத் தானே தின்றுவிடும். படுக்கை சுத்தமாக இருப்பது அதனால்தான். முயல், இரவில் தான் போடும் மெத்தென்ற ஒருவகை உருண்டைகளை நேராகத் தன் உடம்பிலிருந்தே எடுத்து விழுங்கும். குடலின் பின்பகுதியில் கிருமிகள் தயாரித்த பி வைட்டமின்கள் அதில் இருக்கின்றன, முதல் சுற்றில் உடம்பு அதை எடுக்க முடியாது. யானைக்கன்று தாயின் லத்தியைத் தின்றுதான் தழை செரிக்கும் கிருமிகளைப் பெறுகிறது. முகத்தைச் சுளிப்பது நம் ஒருவரின் வேலை.

நாம் சுளிப்பதற்கும் காரணம் இருக்கிறது. நுண்ணோக்கியில் நான் பார்த்த கொக்கிப்புழுவுக்குச் சுரங்கத்தோடு பழைய உறவு உண்டு. அதன் உறவினமான மனிதக் கொக்கிப்புழு, 1880இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த செயின்ட் கோத்தார்ட் ரயில் சுரங்கத்தில் வேலைசெய்த இத்தாலியத் தொழிலாளர்களை ரத்தசோகையால் வீழ்த்தியது. சூடு, ஈரம், இருட்டு, கழிப்பறை இல்லாத நிலத்தடி, சகதியில் நடக்கும் கால்: புழுவின் குட்டிக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. 1902இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டோல்கோத் சுரங்கத்திலும் அதே சோகை. அதை ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, தரையில் கிடந்த மலம்தான் காரணம் என்று கண்டது அவருடைய குழு. நிலத்தடியில் வாளி வையுங்கள், மலத்தை மேலே கொண்டுவாருங்கள் என்பதே மருந்தானது. எங்கள் கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி சுரங்கம் வெட்டியபோது மேஸ்திரிகளாகவும் கேப்டன்களாகவும் வந்தவர்கள் இதே கார்ன்வால்காரர்கள்.

வாளி மருந்தானது சரி. அந்த வாளியை யார் தூக்கினார்கள்? எங்கள் ஊரில் பேசாமல் தாண்டிப்போக முடியாத கேள்வி இது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். தட்டி வீடுகளாலான லைன்களில் குடியிருந்தார்கள். லைனுக்குப் பொதுக் கக்கூஸ், தண்ணீர் இல்லாத உலர் கழிப்பறை. அதைக் கையால் அள்ளவும் ஒரு சாதி ஒதுக்கப்பட்டிருந்தது. 1966இல் தங்கவயலில் அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவர் பெசவாடா வில்சன். வாளியில் அள்ளியதைத் தொட்டியில் கொட்டும்போது வாளி உள்ளே விழுந்துவிட, ஒருவர் சட்டைக்கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டதைப் பார்த்து உடைந்துபோனதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1993இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் இருந்த எங்கள் ஊர் உலர் கழிப்பறைகள் அவருடைய போராட்டத்தால் 1990களில் மாறின. 2001 பிப்ரவரியில் சுரங்கமே மூடியது. 2016இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

நாய் மலம் பற்றிப் பேச வந்தவன் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், மணியின் பழக்கத்துக்கு உருப்படியான வைத்தியம் ஒன்றுதான்: அவனுக்கு முன்னால் நாம் போய் அதை எடுத்துவிடுவது. தின்னக் கிடைக்காவிட்டால் தின்ன முடியாது. அந்த வேலையைச் சொன்னதும் நாய் வளர்ப்பவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். “அதுக்குன்னு ஒரு ஆளை வெச்சா போச்சு” என்பார்கள். என்னிடமே ஒருவர் சொன்னார். நம் நாய் போட்டதை நாம் எடுக்க என்ன ஆள்? அந்த ஆள் யாராக இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நான் செய்வது இது. நீளப்பிடி போட்ட ஒரு மண்வாரி, பழைய நியூஸ்பேப்பர், கொஞ்சம் அடுப்புச் சாம்பல். மணி உட்கார்ந்து எழுந்ததும் சங்கிலியைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் திரும்பி முகர்வதற்குள் சாம்பலைத் தூவி வாரி எடுத்துவிடுகிறேன். வளவின் மூலையில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி, போட்டு மண் தள்ளிவிடுவேன். அதன் மேல் கீரை போடக்கூடாது. வீட்டில் இரண்டு மூன்று நாய் இருந்தாலோ, பூனை மண்தட்டு இருந்தாலோ, அதையும் அன்றன்றே எடுக்க வேண்டும். பூனை மலம் நாய்க்குப் பலகாரம் மாதிரி.

வெட்டவெளியில் கிடப்பதையெல்லாம் நான் ஒருவன் எடுக்க முடியாது. அங்கே சங்கிலியும் ஒரு சொல்லும்தான். “விடு” என்ற சொல்லை வீட்டுக்குள் பழக்கினேன். மூடிய கையில் ஒரு துண்டு பிஸ்கட். மணி நக்குவான், பிறாண்டுவான், கடைசியில் அலுத்து மூக்கை விலக்குவான். விலக்கிய அந்த நொடி “விடு” என்று சொல்லி, மறுகையிலிருந்து அவித்த ஈரல் துண்டு ஒன்று. கையில் இருப்பதைவிடக் கிடைப்பது நல்லதாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். இரண்டு வாரத்தில் தரையில் வைத்த பிஸ்கட்டை விட்டான். மலத்தை விட இரண்டு மாதம் ஆயிற்று. ஹார்ட்டின் கணக்கில் இந்தச் சொல்லால் முழுதாகக் குணமான நாய்கள் 4 சதவீதம் போலத்தான். அதனால் சொல் ஒன்றையே நம்பிச் சங்கிலியைக் கழற்றிவிடாதீர்கள்.

அடிக்காதீர்கள். வீட்டுக்குள் மலம் போய்விட்டதற்காகக் குட்டியின் மூக்கைப் பிடித்து அதில் தேய்த்து அடிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. குட்டிக்கு அதில் புரிவது ஒன்றே: அந்தப் பொருள் தரையில் இருந்தால் அடி விழும். எசமான் வருவதற்குள் சாட்சியை மறைக்க அதற்குத் தெரிந்த வழி விழுங்குவது. துரத்திக்கொண்டு ஓடினாலும் இதே கதி. போட்டியென்று நினைத்து இன்னும் வேகமாக விழுங்கும்.

ஒழுங்காக இருந்த வளர்ந்த நாய் திடீரென்று மலம் தின்னத் தொடங்கினால் அது வேறு விவகாரம். கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காமல் போகும் நோயில் தின்றது அத்தனையும் செரிக்காமல் கொழுப்போடு வெளியேறும். நாய் எலும்பும் தோலுமாகி, அடங்காத பசியில் எதையும் தின்னும். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இது அதிகம். சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மாத்திரை இவையும் பசியைக் கிளப்பும். இதற்குப் பக்கத்து வீட்டு யோசனை போதாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓநாயின் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. பார்வோ வைரஸ் என்ற நாய் நோய் 1978இல் உலகமெங்கும் திடீரென்று வெடித்தது. 1980களின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கும் வந்துவிட்டது. குட்டிகளை ரத்தபேதியில் கொண்டுபோகும் அந்த வைரஸ் விழுந்த நொடியிலிருந்தே தொற்றும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அங்கே புதுசு பழசு என்ற மூக்குக் கணக்கு செல்லாது. தடுப்பூசி போடாத குட்டியை வெட்டவெளிக்குக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. குடற்புழு மருந்தைக் குட்டிக்கு இரண்டு வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கொரு தரம், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கொரு தரம், எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். மணிக்கு மாத்திரை கொடுத்து மூன்று வாரம் கழித்து மறுபடியும் டப்பாவோடு போனேன். கண்ணாடியில் ஒன்றும் மிதக்கவில்லை.

பத்து மாதம் ஆகிறது. வளவுக்குள் அவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வெட்டவெளியில் மாதத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ என்னை ஜெயித்துவிடுகிறான், அன்று முழுக்க முகத்தை நக்க விடுவதில்லை. அக்கா இன்னமும் அந்தப் பழமொழியைச் சொல்கிறார், ஆனால் சாம்பல் அவர் வீட்டு அடுப்பிலிருந்துதான் வருகிறது. வாங்கிய தூள் டப்பா பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. நீங்கள் வாங்க நினைத்திருந்தால் அந்தக் காசுக்கு ஒரு மண்வாரி வாங்குங்கள், பிடி நீளமானதாகப் பார்த்து.